படகில் வராத இருவர்

என் அப்பா முட்டை அவித்துக்கொண்டிருந்த படத்தை எனக்கு முதலில் காட்டியது, நான் வேலை பார்க்கும் பாலர் பள்ளிக்குப் பிள்ளையைக் கொண்டுவந்து விடும் ஒரு தாய். கைப்பேசியை என் முகத்துக்கு நேராகப் பிடித்தாள். சுங்காய் சுடுநீர் ஊற்று. அப்பா காற்சட்டையை முழங்கால் வரை சுருட்டிவிட்டுக்கொண்டு கல்லில் உட்கார்ந்திருந்தார். கையில் நீளமான கம்பியில் தொங்கும் சின்னக் கூடை, அதில் முட்டைகள். அவருக்குப் பக்கத்தில் ஒரு பெண்மணி. அவருடைய கால்களும் அதே தண்ணீருக்குள். இருவரும் எதற்கோ வாய்விட்டுச் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

“டீச்சர், உங்கப்பாதானே? நாங்களும் சண்டே அங்கதான் இருந்தோம்லா. அழகா இருந்தாங்கன்னு எடுத்தேன்.”

“ஆமா, அப்பாதான்.”

“பக்கத்துல?”

“தெரிஞ்சவங்க” என்றேன். காது சூடாகிவிட்டது. அவள் எந்தக் கெட்ட எண்ணத்திலும் கேட்கவில்லை. அதுதான் இன்னும் கஷ்டமாக இருந்தது. வம்புக்குக் கேட்டிருந்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டு போயிருக்கலாம்.

படத்தில் இருந்த அந்தப் பெண்மணியை எங்கள் ஊர் பீடோரில் எல்லாருக்கும் தெரியும். அரசாங்க கிளினிக்கில் தாதியாக இருந்து ஓய்வு பெற்றவர். இங்கே தாதிகளை மிஸி என்றுதான் கூப்பிடுவோம். வேலையை விட்ட பிறகும் அவருக்கு அதுவே பெயராகிவிட்டது. யாழ்ப்பாணத்திலிருந்து வந்த குடும்பம். அவருடைய அப்பா ரயில்வேயில் குமாஸ்தாவாம். திருமணம் செய்துகொள்ளவில்லை. இப்போது வெளியூரில் படிக்கும் என் மகளுக்கு முதல் தடுப்பூசி போட்டதே அவர்தான். என் அப்பாவோ சுங்காய்ப் பக்கத்து எஸ்டேட்டில் லாரி ஓட்டியவர். முதலில் ரப்பர் பால், ரப்பரை அழித்த பிறகு செம்பனைக் குலை. ஓய்வுக்குப் பின் அம்மாவோடு எங்கள் தாமான் குடியிருப்புக்கு, எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டார். அம்மா தவறியதும் ஒரு வருடம் வரை கூடத்து நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை என்றுதான் சொல்ல வேண்டும். பிறகு இரத்த அழுத்தத்துக்கு மருந்து வாங்கப் போன இடத்தில் மிஸியைப் பார்த்துப் பேச ஆரம்பித்திருக்கிறார். எனக்குத் தெரிய வந்தபோது அவர் தலைக்கு மை அடிக்கத் தொடங்கியிருந்தார்.

அந்த ஆண்டு வெயில் தாங்க முடியவில்லை. பள்ளி விடுமுறை விட்டதும் ஊரே தண்ணீரைத் தேடி ஓடியது. அருவி, குளம், கடல், எங்கு போனாலும் தெரிந்த முகம். அதனால் அப்பாவும் மிஸியும் எங்கே போனாலும் யாராவது பார்த்துவிட்டு வந்து என்னிடம் சொன்னார்கள். தாப்பாவில் கரும்புச்சாறு குடித்தார்கள். அருவிக்குக் கீழே பாயில் உட்கார்ந்து வடை தின்றார்கள். ஈப்போவில் துணிக்கடையில் அப்பாவுக்குச் சட்டை பார்த்தார்கள். கேட்கும்போதெல்லாம் நான் சிரித்து வைப்பேன். வீட்டுக்கு வந்து பாத்திரங்களைச் சத்தமாகக் கழுவுவேன்.

“விடுலா” என்பார் என் கணவர். அவர் ஏர்கான் பழுதுபார்ப்பவர். வெயில் ஏறினால் அவருக்கு மூச்சு விட நேரம் இருக்காது. “மாமா யாருக்கு என்ன கெடுதல் பண்ணாரு? ஜாலான் போறாரு, சுத்திட்டு வாராரு.”

“ஊர்ல என்ன பேசுறாங்கன்னு தெரியுமா?”

“ஏர்கான் ரிப்பேர் பண்ணப் போற எல்லா வீட்லயும் கேக்குறேன். நல்லாத்தான் பேசுறாங்க.”

நல்லவிதமாகப் பேசினாலும் பேச்சுதானே. எனக்கு அதைப் புரியவைக்கத் தெரியவில்லை.

எங்கள் சர்ச்சின் பெண்கள் குழு ஒவ்வொரு விடுமுறைக்கும் ஒரு பயணம் ஏற்பாடு செய்யும். அந்த முறை பங்கோர் தீவு. குழுத் தலைவியாக இருந்த அக்கா இரண்டு இருக்கை காலியாக இருக்கிறது என்று ஞாயிறு பூசைக்குப் பிறகு அறிவித்தார். அப்பா கையைத் தூக்கினார். “ரெண்டையும் நானே எடுத்துக்குறேன்” என்றார். நான் ஜெபப் புத்தகத்தை மூடினேன், திறந்தேன், மறுபடி மூடினேன்.

பயணத்தன்று விடியும் முன்பே சர்ச் வாசலில் பஸ் நின்றது. மிஸி வட்டமான பெரிய தொப்பி போட்டிருந்தார். நெற்றியில் திருநீறு. அவருடைய பையை அப்பா தோளில் மாட்டிக்கொண்டு பின்னால் வந்தார். அம்மாவின் பையை அவர் தூக்கி நான் பார்த்ததில்லை. அம்மா இரண்டு கையிலும் சாமான்களோடு பஸ் நிறுத்தத்தில் நிற்பதுதான் எனக்கு நினைவிருக்கிறது. இருவரும் எங்களுக்கு முன் இருக்கையில் உட்கார்ந்தார்கள். மிஸி திரும்பி என்னைப் பார்த்து, “பிள்ளை, வாந்தி வருமெண்டால் சொல்லும். மாத்திரை வச்சிருக்கிறன்” என்றார். வீட்டில் பேசும் யாழ்ப்பாணத் தமிழை அவர் மாற்றிக்கொண்டதே இல்லை. எனக்கு உண்மையிலேயே பஸ்ஸில் வாந்தி வரும். வராது என்றேன். தெலுக் இந்தான் தாண்டுவதற்குள் பிளாஸ்டிக் பையைத் தேட வேண்டியதாயிற்று. என் கணவர் முதுகைத் தடவிக்கொண்டே முன் இருக்கையைத் தட்டினார். மாத்திரையும் தண்ணீர்ப் போத்தலும் ஒன்றும் சொல்லாமல் பின்பக்கம் வந்தன.

லூமுட் ஜெட்டிப் படகுத்துறையில் படகு ஏறி, தீவில் இறங்கி, ரோஸ் நிற வேன்களில் பிரிந்து ஏறிக் கடற்கரைக்குப் போனோம். நல்ல நாள்தான். கோழிக்குழம்பும் சம்பலும் கட்டிக்கொண்டு வந்திருந்தோம். இருவாசிப் பறவைகள் மரத்திலிருந்து இறங்கி வந்து சோற்றுக்கு நின்றன. நாங்கள் எல்லாரும் ஒரு பெரிய படுதாவில் உட்கார்ந்தோம். அப்பாவும் மிஸியும் சற்றுத் தள்ளி, தனிப் பாயில். மிஸி மரக்கறிச் சாப்பாடு என்பதால் தனியாக எடுத்து வந்திருந்தார். அப்பா கோழியையும் தின்றுவிட்டு அவர் டப்பாவிலிருந்து கத்திரிக்காயையும் எடுத்துக்கொண்டார். எங்கள் படுதாவில் பேச்சு கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்து, எல்லாரும் அந்தப் பாயைப் பார்த்துக்கொண்டே சாப்பிடுவதுபோல எனக்குத் தோன்றியது. உண்மையில் அவர்கள் பறவைகளைப் பார்த்திருக்கலாம்.

சாப்பிட்ட பிறகு அப்பா என்னிடம் வந்தார்.

“கூட்டம் ஜாஸ்தியா இருக்கு. நாங்க அடுத்த பீச்சுக்குப் போறோம். வேன் புடிச்சு நேரா ஜெட்டிக்கு வந்துடுறோம்.”

நாங்க. நாற்பது வருடத்துக்கு மேலாக அப்பா ‘நாங்க’ என்றால் அதில் நானும் அம்மாவும்தான் இருப்போம். இப்போது என்னைப் பார்த்தே அதைச் சொல்கிறார். “சரி” என்றேன். எத்தனை மணிக்குப் படகு என்று நினைவுபடுத்தியிருக்க வேண்டும்.

திரும்பும் படகில் கூட்டம் நெரிந்தது. மேலே கொஞ்சம் பேர், கீழே கொஞ்சம் பேர். அவர்கள் எங்காவது உட்கார்ந்திருப்பார்கள் என்று நினைத்தேன். தேடிப் பார்க்கவில்லை. லூமுட்டில் இறங்கி எல்லாரும் பஸ்ஸில் ஏறிய பிறகு தலைவி அக்கா இருக்கை இருக்கையாக எண்ணிக்கொண்டு வந்தார். எங்களுக்கு முன்னால் வந்ததும் நின்றுவிட்டார்.

“ரெண்டு பேர் குறையுதே.”

யார் என்று ஒருவரும் கேட்கவில்லை. அந்த இரண்டு இருக்கைகளும் அப்படியே காலியாக இருந்தன. ஒன்றின் மேல் அப்பாவின் குடை.

கைப்பேசியில் அழைத்தேன். மணி போய்க்கொண்டே இருந்தது. எடுக்கவில்லை. மிஸியின் எண் என்னிடம் இல்லை. வாங்கி வைத்துக்கொள்ளத் தோன்றியதே இல்லை. தலைவி அக்காவிடம் இருந்தது. அதையும் யாரும் எடுக்கவில்லை. ஓட்டுநர் எஞ்சினை அணைத்தார். ஏர்கான் நின்றதும் பஸ்ஸுக்குள் அனல் அடித்தது. குழந்தைகள் அழ ஆரம்பித்தன. பின் இருக்கையில் எப்போதும் வேடிக்கை பேசும் ஒரு பெரியவர், “பாவம், தேன்நிலவு, நாமதான் அவசரப்பட்டு வந்துட்டோம்” என்றார். பஸ் முழுக்கச் சிரித்தது. தலைவி அக்கா “அண்ணே, சும்மா இருங்க” என்று அதட்டினார். அவர் வாயோரத்திலும் சிரிப்பு.

நான் இறங்கிவிட்டேன். ஜெட்டிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கம்பி கையைச் சுட்டது. அடுத்த ஞாயிறு சர்ச்சுக்கு எப்படிப் போவது, எந்தப் பெஞ்சில் உட்காருவது, பாலர் பள்ளியில் இது எந்த நாள் வந்து சேரும் என்றெல்லாம் யோசித்துக்கொண்டு நின்றேன். என் கணவர் இரண்டு கோப்பை ஐஸ் டீயோடு வந்தார்.

“மாமாவுக்கு நீச்சல் தெரியுமா?” என்றார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அப்பாவுக்கு நீச்சல் தெரியாது. எஸ்டேட் வாய்க்காலில் முழங்கால் அளவுக்கு மேல் இறங்கியதில்லை. அதுவரை நான் வெட்கப்பட்டுக்கொண்டு மட்டுமே நின்றிருந்தேன். பயம் இரண்டாவதாகத்தான் வந்தது. அதையும் வேறொருவர் கேட்டுத்தான் வந்தது. இன்றைக்கும் அந்த நாளை நினைத்தால் பஸ்ஸில் எழுந்த சிரிப்பு என்னை ஒன்றும் செய்வதில்லை. இதுதான் செய்கிறது.

கடற்படைக் கப்பல் ஒன்று எதிரே அசையாமல் நின்றது. நான் மாதாவை வேண்டிக்கொண்டேன். என்ன வேண்டினேன் என்று நினைவில்லை.

அடுத்த படகு வந்து கயிறு போட்டது. கடைசி ஆட்களாக அவர்கள் இறங்கினார்கள். அப்பாவின் சட்டை கழுத்து வரை நனைந்து, மணல் ஒட்டியிருந்தது. மிஸியின் தொப்பியைக் காணோம். நரைத்த கூந்தல் அவிழ்ந்து முதுகில் ஒட்டிக்கிடந்தது. அப்பா கைக்குட்டையால் வாயைப் பொத்தியிருந்தார்.

“என்னப்பா ஆச்சு? அடிபட்டுடுச்சா?”

அவர் தலையை ஆட்டினார். மிஸிதான் பதில் சொன்னார்.

“ஒண்டுமில்லை, பிள்ளை. அவற்ற பல்லைக் கடல் கொண்டுபோட்டுது.”

இடுப்பளவு தண்ணீரில் நின்றிருக்கிறார்கள். மிஸி ஏதோ சொல்ல, அப்பா சிரிக்க, அந்த நேரம் பார்த்து ஓர் அலை முகத்தில் அடித்திருக்கிறது. மேல்வரிசைப் பல் செட்டு போய்விட்டது. இருவரும் குனிந்து மணலைத் துழாவியிருக்கிறார்கள். மிஸி முக்குளித்துக்கூடப் பார்த்தாராம். கைப்பேசிகள் கரையில் மரத்தடியில் பைக்குள் அடித்துக்கொண்டிருந்திருக்கின்றன. “தண்ணி ஏறிட்டுது. இனிக் கிடைக்காது எண்டு நான்தான் இழுத்துக்கொண்டு வந்தனான்” என்றார் மிஸி. அவர் குரலில் மன்னிப்புக் கேட்கும் தோரணை கொஞ்சமும் இல்லை. உடல் நடுங்கிக்கொண்டிருந்தது.

பஸ்ஸில் ஏறியதும் எல்லார் கண்களும் எங்கள் மேல். தலைவி அக்கா துண்டு எடுத்து மிஸியின் தோளில் போட்டார். அத்தோடு விட்டிருக்கலாம். நான் விடவில்லை.

“இத்தன பேர ஒரு மணி நேரமா காக்க வச்சிட்டீங்களேப்பா. உங்களுக்கு வயசு என்ன ஆகுது? வெக்கமா இல்ல?”

வகுப்பில் பிள்ளைகளை அதட்டும் அதே குரல் அது. கடைசி இருக்கைக்கும் கேட்டிருக்கும். அப்பா கைக்குட்டையை எடுத்துவிட்டு ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். சொல் குழறிக் காற்றாக வெளியே வந்தது. முன் வரிசைப் பையன்கள் களுக்கென்று சிரித்தார்கள். அவர் வாயை மூடிக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பினார். மிஸி என்னை ஒரு பார்வை பார்த்தார். ஊசி போட்ட இடத்தில் பஞ்சை அழுத்திக்கொண்டு பார்ப்பதுபோல. பிறகு தோளில் இருந்த துண்டை எடுத்து அப்பாவின் மேல் போர்த்தினார்.

சித்தியவான் தாண்டியதும் யாரோ பாட்டுப் போட்டார்கள்.

வீட்டுக்கு வந்து அப்பா குளித்துவிட்டுச் சமையலறையில் உட்கார்ந்தார். கஞ்சி வைத்துக் கொடுத்தேன். எதிரே உட்கார்ந்தேன். பேசாமல் இருக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டே பேசினேன்.

“அம்மாவ ஒரு நாளாவது கடலுக்குக் கூட்டிட்டுப் போயிருக்கீங்களா?”

கரண்டியைக் கீழே வைத்தார். பல் இல்லாததால் மெதுவாக, ஒவ்வொரு சொல்லாகச் சொன்னார்.

“இல்ல.”

“சுங்காய்லேருந்து எவ்வளவு தூரம்? காலைல போனா சாயங்காலம் வந்துடலாம்.”

“தெரியும். குலை ஏத்திக்கிட்டு அந்தப் பக்கம் எத்தனையோ தடவ போயிருக்கேன்.” கரண்டியை மறுபடி எடுத்தார். “உங்கம்மா கேக்கல. எனக்கும் தோணல. யாராவது வான்னு கூப்புட்டாத்தான் எனக்குப் போகத் தெரியும். மிஸி கூப்புட்டாங்க, போனேன். நீ பஸ்ல கேட்டியே, வெக்கமா இல்லையான்னு. இருக்கு. ஆனா நீ நெனக்கிறதுக்கு இல்ல.”

கிண்ணத்தை அவரே கழுவிவைத்துவிட்டுப் போய்ப் படுத்தார். நான் உட்கார்ந்தே இருந்தேன். கல்யாணமான புதிதில் நானும் என் கணவரும் பங்கோர் போனோம். மகள் பிறந்த பின் அவளையும் கூட்டிக்கொண்டு போனோம், ஒன்றுக்கு இரண்டு தடவை. அப்போதெல்லாம் கோழிகளுக்குத் தீனி வைக்க, மழை வந்தால் துணி எடுக்க, வீட்டில் யாராவது வேண்டும் என்று அம்மாவை எஸ்டேட்டிலிருந்து வரவழைத்து விட்டுவிட்டுத்தான் போனோம். அம்மா வாசலில் நின்று கையாட்டினார். திரும்பி வந்தபோது சுட்டு வைத்த தோசை மூடியிருந்தது. என்னிடமும் அம்மா கேட்டதில்லை.

புதுப் பல் செட்டு வரச் சில வாரம் ஆகும் என்று பல் மருத்துவர் சொல்லிவிட்டார். அப்பா வெளியே போவதை நிறுத்தினார். காலையில் தேநீர்க் கடைக்குப் போகவில்லை. சர்ச்சுக்கு வரவில்லை. தலையில் வேர்ப்பக்கம் வெள்ளை தெரிய ஆரம்பித்தது. கைப்பேசி அடித்தால் எடுத்துப் பார்த்துவிட்டு வைத்துவிடுவார். நான் பல நாளாக ஆசைப்பட்டது இதுதான். அப்பா வீட்டில் இருக்கிறார், யாரும் என்னிடம் வந்து எதுவும் சொல்வதில்லை. ஆனால் கூடத்து நாற்காலியில் அவர் மறுபடி அப்படி உட்கார்ந்திருப்பதைப் பார்க்க முடியவில்லை.

ஒரு மாலை கேட்டுக்கு வெளியே மிஸியின் கார் நின்றது. அதுவரை அவர் எங்கள் வீட்டுக்கு வந்ததில்லை. நாங்களும் கூப்பிட்டதில்லை. அப்பா ஜன்னல் வழியே பார்த்துவிட்டு அவசரமாக அறைக்குள் போனார்.

“இல்லன்னு சொல்லு” என்றார் கதவு இடுக்கிலிருந்து. கையால் வாயை மறைத்திருந்தார். என் அப்பா ஒருவர் முன்னால் நிற்க வெட்கப்பட்டு ஒளிந்ததை அன்றுதான் பார்த்தேன். அதைச் செய்தது கடல் மட்டும் இல்லை என்று எனக்குத் தெரியும்.

கேட்டுக்குப் போனேன். மிஸி கையில் தூக்குச்சட்டி.

“அவர் இருக்கிறாரோ?”

எதிர்வீட்டு அக்கா செடிக்குத் தண்ணீர் ஊற்றுவதை நிறுத்திவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“இருக்காரு” என்றேன். “ஆனா வெளிய வரமாட்டேங்குறாரு. பல்லு இல்லன்னு.”

“நான் கிளினிக்கில பாக்காத வாயே, பிள்ளை?” என்றார். பிறகு சற்றுத் தயங்கி, “நான் உள்ள வாறது உமக்குச் சங்கடமெண்டால் இதைக் கொடுத்துப்போட்டுப் போறன்” என்று சட்டியை நீட்டினார்.

இல்லை என்று சொல்ல வேண்டும். சங்கடமாகத்தான் இருந்தது. கேட்டை முழுதாகத் திறந்தேன். அவர் செருப்பைக் கழற்றிவிட்டு நேராகப் போய் அறைக் கதவைத் தட்டினார். “கூழ் ஆறப்போகுது. வாரும்.” பிறகு தாழ்ப்பாள் திறந்தது. நான் சமையலறையில் நின்று தேநீர் கலக்கினேன். கூடத்திலிருந்து அப்பாவின் பேச்சு காற்றாகக் கேட்டது, அதை மிஸி ஒரு தடவைகூட “என்ன?” என்று திருப்பிக் கேட்கவில்லை. எதிர்வீட்டு அக்கா இன்னும் பார்க்கிறாரா என்று ஜன்னல் திரையை விலக்கிப் பார்த்தேன். அதையும் சொல்லித்தான் ஆக வேண்டும். பார்த்தேன்.

இப்போது அவர்கள் மறுபடி எல்லா இடத்துக்கும் போகிறார்கள். கல்யாணப் பேச்சு ஒன்றும் இல்லை. ஒருமுறை என் கணவர் விளையாட்டாகக் கேட்டதற்கு மிஸி, “இந்த வயதில இன்னொருத்தற்ற உடுப்பைத் தோய்க்கவோ?” என்று சிரித்தார். அடுத்த விடுமுறையில் அவர்களோடு ஒருநாள் நானும் லூமுட் போனேன். மிஸிதான் கூப்பிட்டார். கணவருக்கு வேலை இருந்தது. கடலோரமாக நடந்தோம். வெயில் தாழ்ந்ததும் ஒரு மீன் கடையில் உட்கார்ந்தோம். அப்பாவுக்கும் எனக்கும் சுட்ட மீன், மிஸிக்குக் கங்கோங் கீரையும் சோறும்.

பரிமாறிய மலாய்ப் பெண் சின்ன வயது, கலகலப்பானவள். தட்டுகளை வைத்துக்கொண்டே என்னைப் பார்த்து, அப்பா அம்மாவோடு வந்தீர்களா என்று மலாயில் கேட்டாள்.

“புக்கான்” என்றேன். இல்லை. அவசரமாக, சத்தமாக. அதோடும் நிற்காமல், அப்பாவின் தோழி என்று விளக்கம் வேறு சொன்னேன். அவள் “ஓ” என்று சிரித்துவிட்டு அடுத்த மேசைக்குப் போனாள்.

அப்பா கடலைப் பார்த்தார். மிஸி கேட்காததுபோல, கீரைத் தட்டிலிருந்து ஒரு கரண்டி எடுத்து என் சோற்றின் ஓரத்தில் வைத்தார்.

“இதையும் சாப்பிட்டுப் பாரும், பிள்ளை. உறைப்பு இல்லை.”

தலை நிமிராமல் சாப்பிட்டேன்.